மணிக்கட்டு வரைக்கும்

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து புருஷன் முதுலிசி போன் பண்ணி நான்கு நாளாயிற்று. "இந்தப் பரீட்சை பாஸானா அங்கயே இருந்து மேல படி. இல்லேன்னா ஜனவரியில பாப்பாவைத் தூக்கிக்கிட்டு இங்க வந்துடு" என்று அவன் சொன்னதையும், நொகுதாபா அதற்கு "சரி" என்று ஒரே வார்த்தையில் முடித்ததையும் போன வாரம் பார்த்தோம். சரி சொல்லிவிட்டு அவள் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பாள் என்று யாராவது நினைத்திருந்தால், இருபத்திரண்டு வயதில் புருஷன் வீட்டிலிருந்துகொண்டு நான்காம் படிவம் படிக்கிறவளின் நாள் எப்படிப் போகும் என்று அவர்களுக்குத் தெரியாது. அவள் போய்த் துணி துவைத்தாள்.

முதுலிசியைக் கெட்டவன் என்றும் சொல்ல முடியாது. மூன்று வருஷமாகக் கூரை வேலை செய்துகொண்டு தனியாகப் பொங்கித் தின்கிறவன். பெண்டாட்டி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பது குற்றமா? அவளுக்குப் புலவாயோ நகரத்தில் பயிற்சியாளர் படிப்பு வேண்டும். அதற்கு விளையாட்டு அறிவியலில் நல்ல மதிப்பெண் வேண்டும். எழுத்துப் பரீட்சை இரண்டு வாரம் முன்பே முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது செய்முறை. அது நாளை, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு.

புதன்கிழமை பத்து மணிக்கு, கூடைப்பந்து வளையத்தின் நிழலில் நாற்காலி போட்டு, ட்ஷபாங்கு சார் ஒவ்வொருவர் பதிவேட்டையும் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் இருந்த பதினாறு வயதுப் பிள்ளைகள், "ஆன்ட்டி, நீங்க முன்னாடி போங்க" என்று வழி விட்டார்கள். ஆரம்பத்தில் அந்த ஆன்ட்டி அவளுக்குச் சுருக்கென்று குத்தும். இப்போது வரிசையில் முன்னால் போக உதவுகிறது என்று வைத்துக்கொண்டாள்.

செய்முறை இதுதான். ஐம்பது வயது தாண்டிய ஒருவரைப் பிடித்து, ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள் பெஞ்சில் ஏறி இறங்க வைக்க வேண்டும். ஏறுவதற்கு முன்னால் நாடி எவ்வளவு, மூன்று நிமிஷம் ஏறி முடித்ததும் எவ்வளவு, ஒரு நிமிஷம் ஓய்வுக்குப் பிறகு எவ்வளவு என்று எழுதி வர வேண்டும். கடைசி நாள் அந்த ஆளையே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்து, வெளியூர்ப் பரீட்சைக்காரர் முன்னால் ஏற்றிக் காட்ட வேண்டும்.

சார் அவள் பதிவேட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"உன் மாமனாருக்கு என்ன வயசு?"

"அறுபத்தொண்ணு சார்."

"ஏறுறதுக்கு முன்னாடி எழுபத்தெட்டு. மூணு நிமிஷம் ஏறி இறங்கின பிறகு எண்பது. அப்புறம் எழுபத்தெட்டு. அடுத்த நாளும் அதே கதை. இவர் ஏறுனது பெஞ்சா, இல்ல பெஞ்சைப் படத்துல பார்த்தாரா?"

"ஏறுனார் சார். நிஜமாத்தான்."

"அப்ப இவரை ஒலிம்பிக்குக்கு அனுப்பணும். என் கிளாஸ்ல என்ன பண்றார்?"

பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நொகுதாபா சிரிக்கவில்லை. மூன்றாவது வாரமே அந்த எண்கள் அவளுக்கு உறுத்தியிருந்தன. ஆனால் மாமனார் மபேனா ஒரு காலத்தில் சுரங்கத்துப் பந்தாட்டக் குழுவில் இடது ஓரத்தில் ஓடியவர். பழைய உடம்பு, வலுவாகத்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். நமக்கு வசதியான பதில் கிடைத்துவிட்டால் மேலே கேள்வி கேட்க யாருக்குத்தான் மனசு வரும்?

"நாடி பிடிச்சது யாரு?" என்றார் சார், இப்போது குரலைத் தாழ்த்தி.

"அத்தை சார்."

"நீ என்ன பண்ணே?"

"நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்."

"எங்க உட்கார்ந்து?"

"அவருக்கு முதுகு காட்டி... கதவுக்கு அந்தப் பக்கம்."

ட்ஷபாங்கு சாரும் நம் ஊர்க்காரர்தான். மருமகள் மாமனார் முகத்தைப் பார்க்க மாட்டாள், அவர் எதிரில் தலைத்துணியும் தோள்துணியும் இல்லாமல் வர மாட்டாள், அவர் மேல் விரல் பட மாட்டாள் என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் மகனைக் கட்டியவளும் அப்படித்தான். அவர் பதிவேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"இதை நான் முதல் நாளே கேட்டிருக்கணும். கேக்கலை. தப்பு என்னோடது. ஆனா நாளைக்கு வர்றவர் இதையெல்லாம் கேக்க மாட்டார். மாணவிதான் கையைப் பிடிக்கணும், மாணவிதான் எண்ணணும். அதுக்கு மட்டும் நாப்பது மார்க். இந்த ஆறு வாரத்துக் கணக்குல ஏதோ கோளாறு இருக்கு. வீட்டுக்குப் போ. அத்தை எந்த விரலால பிடிச்சாங்கன்னு பாரு."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. முதல் பருவத்து முதல் பாடம். அவளே சிவப்பு மையில் அடிக்கோடு போட்டது.

வீட்டில் மாமியார் மாதூபே, பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டு, முற்றத்தில் சாக்கை விரித்து, சமைத்துத் தின்கிற மொப்பானிப் புழுவைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். மாதூபே என்றால் தூபே வீட்டுப் பெண். கல்யாணமானவளைப் பிறந்த வீட்டுப் பேரால் அழைப்பதுதான் மரியாதை. அதேபோல் அந்த வீட்டில் நொகுதாபாவுக்கு மாகுமேதே என்று பேர்.

"என்ன மாகுமேதே, அதுக்குள்ள வந்துட்டே? வாத்தியாருக்குப் பொண்டாட்டி ஞாபகம் வந்துடுச்சா?"

"அத்தை, மாமா கையை எப்படிப் பிடிச்சீங்க? என் கையில பிடிச்சுக் காட்டுங்க."

"ஏன், எட்டுப் பிள்ளை பெத்தவளுக்கு நாடி பிடிக்கத் தெரியாதா?"

"காட்டுங்க அத்தை."

மாதூபே கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு, மருமகளின் மணிக்கட்டைக் கொத்தாகப் பிடித்து, கட்டைவிரலால் அழுத்தினாள். வழக்கம்போல ஒவ்வொரு துடிப்புக்கும், "ம்... ம்... ம்..." என்று சொல்ல ஆரம்பித்தாள். ஆறு வாரமாகக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நொகுதாபா கேட்டு எண்ணியது இந்த 'ம்'களைத்தான்.

நொகுதாபா தன் மறு கையால் மாமியாரின் இன்னொரு மணிக்கட்டை, சரியான முறையில், இரண்டு விரலால் பிடித்தாள். ஒவ்வொரு 'ம்'முக்கும் அங்கே ஒரு துடிப்பு. ஒன்றுகூடப் பிசகவில்லை. நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு.

"அத்தை, கட்டைவிரல்ல நமக்கே ஒரு நாடி ஓடுது. அதால பிடிச்சா நம்ம துடிப்புதான் நமக்குத் தெரியும். நீங்க எண்ணினது உங்களோடது."

"என்னோடதா?"

"ஆமா."

"ஆறு வாரமா என் நாடியைப் பிடிச்சு நோட்டுல எழுதியிருக்கே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

மாதூபேயிடம் நியாயம் பேசி ஜெயித்தவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் கிடையாது. இருந்தாலும் அவள் அடுத்த நிமிஷமே சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து, "எனக்கு இந்த ரெண்டு விரல்லயும் உணர்வே கிடையாதுடி. கொதிக்கிற மூடியைத் தூக்கித் தூக்கிக் காய்ச்சுப்போச்சு. கட்டைவிரல்லதான் தெரிஞ்சுது. அதான் அதால பிடிச்சேன்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. மருமகளின் பரீட்சையைக் கெடுத்துவிட்டோம் என்று அவளுக்கு உள்ளபடியே வருத்தம்.

நொகுதாபாவுக்குக் கோபம் வந்தது. மாமியார் மேல் இல்லை, தன் மேல். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். ஆனால் திரும்பிப் பார்க்கக் கூடாதே.

"நாளைக்கு நான்தான் பிடிக்கணுமாம் அத்தை. வேற யாரும் பிடிச்சா செல்லாதாம்."

"யாரு கையை?"

"மாமா கையை."

"நல்லா இருக்கு! பள்ளிக்கூடத்துல, நாலு பேருக்கு நடுவுல, மருமக மாமனார் கையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாளா? சனிக்கிழமை தேவாலயத்துப் பொம்பளைங்க முன்னாடி நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உட்காருவேன்?"

"வேற ஆளைக் கூட்டிட்டுப் போக முடியாது. ஆறு வாரம் செஞ்ச ஆளேதான் வரணும்."

மாதூபே புழுக்களை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளினாள். பிறகு, "அவர்கிட்ட நான் சொல்றேன். என்ன சொல்வார்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

மபேனா ஆடுகளை ஓட்டிக்கொண்டு நான்கு மணிக்கு வந்தார். சோளக்களியும் புளித்த பாலும் சாப்பிட்டார். மாதூபே பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், கட்டைவிரல் உட்பட. நொகுதாபா சமையல் குடிசைக்குள் இருந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குக் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் மாதூபே அவ்வளவு சத்தமாகப் பேசினாள்.

"அப்ப என் நாடி எவ்வளவுன்னு இன்னும் யாருக்கும் தெரியாதா?" என்றார் மபேனா.

"தெரியாது. இவ்வளவு நாளும் நான்தான் உங்களுக்குப் பதிலா வாழ்ந்திருக்கேன்."

"அது முப்பத்தாறு வருஷமா நடக்கிறதுதானே."

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வெளியே போனார். கோழிக்கூண்டுப் பக்கம் ஒரே கூச்சல். திரும்பி வரும்போது கையில் ஒரு பழுப்புக் கோழி, கால் கட்டி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு. சமையல் குடிசை வாசலுக்கு நேராக நின்றார்.

"மாகுமேதே."

அவர் நேராக அவளைக் கூப்பிடுவது வருஷத்துக்கு நான்கைந்து தடவை நடந்தால் அதிகம். அவள் தலைத்துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, தோளை மூடிக்கொண்டு, வாசலில் மண்டியிட்டாள். கண் தரையில்.

"இந்தக் கோழி உனக்கு. நான் கொடுக்கிறேன். இன்னியிலருந்து என் கையைத் தொடலாம்."

மாதூபே பின்னாலேயே வந்துவிட்டாள். "கோழியா? தொடக் கூடாதுங்கிற விலக்கை எடுக்கிறதுன்னா மாமனார் ஆடு கொடுக்கணும். எங்க அப்பன் என் அண்ணிக்கு ஆடுதான் கொடுத்தார்."

"முழு விலக்கையும் நான் எடுக்கலை. மணிக்கட்டு வரைக்கும்தான். அதுக்குக் கோழி போதும்."

"மணிக்கட்டு வரைக்கும்னு ஒரு சட்டமா? நீங்களே போட்டதா?"

"நான்தானே மாமனார். வேற யாரு போடுவா? ஆடு, அவ பாஸானதும்."

நொகுதாபா நன்றி சொல்லும் முறையில் இரு கையையும் சேர்த்துத் தட்டி, கோழியை வாங்கிக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த வீட்டுக்கு வந்த ஐந்து வருஷத்தில் தனக்காக ஒருவர் ஒரு வழக்கத்தை வளைத்தது இதுதான் முதல் தடவை. நாற்பது மார்க் கைக்கு வந்துவிட்டது. புலவாயோ, விடுதி, தனக்கென்று ஒரு மேசை, எல்லாம் அந்தக் கோழியோடு சேர்ந்து வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"இப்பவே ஒரு தடவை பழகிப் பாத்துடு. நாளைக்கு அந்த ஆள் முன்னாடி உன் கை நடுங்கக் கூடாது" என்றார் மபேனா. நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டினார். முகத்தை ஆட்டுப்பட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டார், அவளுக்குச் சங்கடம் இல்லாமல் இருக்கட்டும் என்று.

அவள் பாயில் மண்டியிட்டு, சுட்டுவிரலையும் நடுவிரலையும் வைத்தாள். காய்ந்த, வெதுவெதுப்பான தோல். ஒரு சாதாரண மனிதரின் கை. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று இருந்தது. போனில் நிமிஷத்தைத் தட்டிவிட்டு எண்ண ஆரம்பித்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று வேகமாக வந்தன. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு ஒன்று. மறுபடி இரண்டு, நெருக்கியடித்துக்கொண்டு. பிறகு ஒரு வெற்றிடம். எண்ணிக்கை தவறிவிட்டது என்று நினைத்தாள். விரலை எடுத்து, துடைத்து, மறுபடி வைத்தாள். ஒரு முழு நிமிஷம். நூற்றிப் பதினான்கு. சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்தில்.

"எவ்வளவு?" என்றார் அவர், ஆட்டுப்பட்டியைப் பார்த்தபடி.

"இன்னொரு தடவை பாக்கிறேன் மாமா."

கொஞ்ச நேரம் அவரைச் சும்மா இருக்க வைத்து, மூன்றாவது தடவை பார்த்தாள். நூற்றிப் பதினொன்று. அதே தாளம் இல்லாத ஓட்டம்.

"மாமா, பெஞ்சில ஏறி இறங்கின பிறகு எப்படி இருக்கும்?"

"எப்படின்னா?"

"நெஞ்சு, மூச்சு..."

"பட்டிக்குப் பின்னாடி போய்க் கொஞ்ச நேரம் உட்காருவேன். ஓடின காலம் போயிடுச்சு, அவ்வளவுதான். நெஞ்சுக்குள்ள கோழி அடிச்சுக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் சரியாயிடும்."

"எத்தனை நாளா?"

"மழைக்காலம் முடிஞ்சதிலருந்தே, பெஞ்சு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே."

மாதூபே, "என்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றாள்.

"சொன்னா அவ பரீட்சையை நிறுத்தியிருப்பே."

வாரத்துக்கு மூன்று, ஆறு வாரம். பதினெட்டுத் தடவை அவரைப் பெஞ்சில் ஏற்றியிருக்கிறாள். பதினெட்டுத் தடவையும் முதுகைக் காட்டிக்கொண்டு, "இன்னும் வேகமா, மாமாகிட்ட சொல்லுங்க அத்தை" என்று சொல்லியிருக்கிறாள். அதை நினைத்ததும் நொகுதாபாவைப் பயம் பிடித்துக்கொண்டது, வெறும் பயம். எழுத்துப் பரீட்சையில் ஐந்தாவது கேள்வி: ஒருவரை உடற்பயிற்சி செய்ய விடக் கூடாத நிலைகள் யாவை? ஓய்விலேயே நாடி நூறுக்கு மேல் இருந்தால், துடிப்பு சீராக இல்லாவிட்டால், விடக் கூடாது, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு வந்திருந்தாள்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். "புரியுது. ஆஸ்பத்திரிக்குப் போகணும், அதானே? போறேன். நாளைக்கு உன் பரீட்சை முடியட்டும். மூணு நிமிஷம்தானே? பதினெட்டுத் தடவை ஏறினவனுக்குப் பத்தொன்பதாவது தடவை என்ன வந்துடப் போகுது?"

மாதூபே மருமகளைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

நொகுதாபா நினைத்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். மூன்று நிமிஷம்தானே என்று அவளும் நினைத்தாள். மெதுவாக ஏறச் சொல்லலாம். இரண்டு நிமிஷத்தில் நிறுத்திவிடலாம். நாடி சீராக இல்லை என்பது பரீட்சைக்காரருக்குத் தெரியவா போகிறது, அவள் எழுதுவதுதானே எண்? ஜனவரி வந்து கண்முன்னால் நின்றது. ஒரே அறை, அந்நிய ஊர், காலையில் போய் இருட்டி வரும் புருஷன், முடியாத படிப்பு. இப்படி எல்லாவற்றையும் ஒரு சுற்று நினைத்து முடித்தாள்.

பிறகு தலையை நிமிர்த்தினாள். மபேனாவின் முகத்தை அவள் நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான். முதுலிசிக்கு வயதானால் இப்படித்தான் இருப்பான் போலிருக்கிறது.

"நீங்க ஏற வேண்டாம் மாமா."

"மாகுமேதே, நான் சொல்றேன்..."

"ஏறக் கூடாது. நான் ஏத்த மாட்டேன். அத்தை, க்வாண்டா ஆஸ்பத்திரிக்கு முதல் வண்டி எத்தனை மணிக்கு?"

"ஏழு மணிக்கு" என்றாள் மாதூபே.

"பரீட்சை எட்டு மணிக்கு" என்றார் மபேனா.

"தெரியும் மாமா. ஆஸ்பத்திரியில என்ன கேப்பாங்க, என்ன சொல்லணும்னு அத்தைக்குத் தெரியாது. நான் வரேன். இன்னைக்கு நீங்க ஆட்டுக்குத் தண்ணி சுமக்க வேண்டாம். குடத்தை நான் எடுத்துக்கிறேன்."

கோழி கால் கட்டு அவிழ்ந்து முற்றத்தில் நடந்துகொண்டிருந்தது. மாதூபே முகத்தைத் துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"பையன் நாளைக்கு ராத்திரி போன் பண்ணுவானே. பரீட்சை எப்படின்னு கேப்பான். நான் என்னடி சொல்றது?"

நொகுதாபா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள்.

"நான் அவங்க அப்பா கையைப் பிடிச்சுப் பாத்தேன்னு சொல்லுங்க அத்தை. ஜனவரியைப் பத்தி நானே பேசிக்கிறேன்."